பொடி மட்டையில் இருந்த சுண்ணாம்பு

திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவியில் எங்கள் தாத்தா திண்ணையில் வந்து உட்கார்ந்தால் மடியிலிருந்து முதலில் வெளியே வருவது பொடி மட்டைதான். வாழை மட்டைச் சருகில் மடித்த சின்னப் பொட்டலம். அதன் ஓரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை. வலது மூக்கில் ஒரு இழுப்பு, இடது மூக்கில் ஒரு இழுப்பு. கண்ணில் தண்ணீர் தளும்பும். தோளில் கிடக்கும் துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு, "ஏல, இப்பம் சொல்லு, என்ன கேட்ட?" என்பார். அந்த இழுப்புக்கு முன்னால் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவரிடமிருந்து பதில் வராது.

பல வருஷம் கழித்து, பார்மசி வகுப்பில் நிகோடின் பற்றிப் பாடம் நடந்தபோது அந்தப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. நம் பக்கத்து மூக்குப்பொடி வெறும் புகையிலைத் தூள் இல்லை. புகையிலையை வறுத்துப் பொடித்து, சுண்ணாம்பு சேர்த்து, நெய் விட்டுப் பிசறிப் பக்குவம் பண்ணுவார்கள். நெய் வாசத்துக்கும், தூள் பறக்காமல் இருப்பதற்கும். சுண்ணாம்பு எதற்கு? நிகோடின் காரத்தன்மை உள்ள பொருள். சுற்றியுள்ள ஈரம் புளிப்பாக, அதாவது அமிலமாக இருந்தால் அது மின்னூட்டம் ஏறி நிற்கும். அப்படி நிற்கிற நிகோடின் செல்லின் கொழுப்புச் சவ்வைக் கடப்பது கஷ்டம். புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 6 அளவில் நூற்றில் ஒரு பங்கு நிகோடின்தான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். பிஎச்சை 8-க்கு ஏற்றினால் பாதி. 9-க்குப் போனால் நூற்றில் 90. மூக்குக்குள் இருக்கும் ஈரமோ இயல்பாகவே 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில். கொஞ்சம் சுண்ணாம்பு இந்தக் கணக்கையே புரட்டிப் போட்டுவிடுகிறது. புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கி வாயில் அடக்குகிறவர்களுக்கும் இதே விஷயம்தான் நடக்கிறது.

பொடியை நான் மெச்சவில்லை. புகையிலை எந்த வழியாக உள்ளே போனாலும் அடிமையாக்கும், புற்றுநோய்க்கு வழி வைக்கும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. மூக்கு வழியாக ஒரு பொருளை ரத்தத்தில் சேர்க்க, அந்தப் பொருள் மட்டும் போதாது, கூடவே ஒரு துணைப்பொருள் வேண்டும் என்பது பொடிக்கடைக்காரருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. மூக்கு மருந்துகளில் கடந்த முப்பது வருஷத்தில் வந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்தத் துணைப்பொருளில்தான் நடந்திருக்கிறது. மருந்து பழைய மருந்து. கூடச் சேர்ப்பதுதான் புதுசு. ஆனால் என் மருந்துக்கடையில் என்னிடம் ஸ்பிரே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மருந்தின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். பெட்டியிலும் பல சமயம் "துணைப்பொருள்கள் தேவையான அளவு" என்ற ஒரே வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூக்கு. வெளியே தெரிவது கொஞ்சம். நாசித் துவாரத்திலிருந்து தொண்டையின் மேல்பகுதி வரை உள்ளே 12 முதல் 14 சென்டிமீட்டர் நீளம். பக்கச் சுவரில் மூன்று மடிப்புகள் பாய்ச்சுருள் மாதிரி தொங்குவதால், சின்ன இடத்துக்குள் ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கிறது. அதற்கு அடியில் நெருக்கமாக ரத்தக் குழாய்கள். உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கவும் ஈரப்படுத்தவும் வைத்த ஏற்பாடு அது. மருந்து அதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. இங்கிருந்து போகும் ரத்தம் குடலிலிருந்து போவது போல நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை. கழுத்து ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குப் போய்விடுகிறது. வாயில் போடும் மாத்திரையில் பெரும்பங்கைச் சிதைத்துவிடும் கல்லீரலை முதல் சுற்றில் தாண்டிவிடலாம்.

இது யாருக்கு உதவும்? ஒற்றைத் தலைவலி வந்தவருக்கு உதவும். அந்த வலி வரும்போது இரைப்பையும் சேர்ந்து மந்தமாகிவிடும். போட்ட மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும், இல்லையென்றால் வாந்தியில் வந்துவிடும். வலிப்பில் பல் கிட்டிப்போன குழந்தைக்கு உதவும். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறவருக்கு உதவும். இவர்கள் யாருக்கும் வாயில் எதையும் ஊற்ற முடியாது, ஊற்றவும் கூடாது. ஊசி போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். மாஞ்சோலையில் இருந்தோ களக்காட்டு மலையடிவாரத்தில் இருந்தோ ராத்திரி ஒரு வண்டி பிடித்து பெரியாஸ்பத்திரி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு வசதியான வழி என்றால் எல்லா மருந்தையும் மூக்கில் அடித்துவிடலாமே? முடியாது. மூக்கு முதலில் ஒரு காவல்காரன். உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் பிடித்து வெளியே தள்ளுவதுதான் அதன் அன்றாட வேலை. மருந்தையும் அது அப்படித்தான் பார்க்கும்.

குறுக்குத்துறையில் ஆற்றைக் குறுக்காக நீந்தியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நேர் எதிர்க்கரையைப் பார்த்து நீந்துவீர்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் வெகுதூரம் கீழே கரை சேர்க்கும். மெதுவாக நீந்தினால் கரையே சேர முடியாது. மூக்கின் உள்சவ்வு மேல் சளி மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அடியில் ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மயிர்கள். நொடிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் அடித்து, அந்தப் படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. வேகம் நிமிஷத்துக்கு 5, 6 மில்லிமீட்டர். அடித்த மருந்தில் பெரும்பகுதி 15, 20 நிமிஷத்துக்குள் தொண்டைக்குப் போய் விழுங்கப்பட்டுவிடும். அதற்குள் சவ்வைக் கடந்த மருந்துதான் நமக்கு மிச்சம்.

அந்தச் சவ்வும் லேசுப்பட்டது இல்லை. பத்தமடைப் பாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு மெல்லிசாகக் கிழித்த கோரை, கோரைக்கும் கோரைக்கும் நடுவே இடுக்கே தெரியாமல் நெருக்கியிருப்பார்கள். மூக்கின் செல்களும் அப்படித்தான் விளிம்போடு விளிம்பாகத் தைத்ததுபோல இறுகி நிற்கின்றன. அந்த இடுக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு என்றால் இடுக்கைத் தேடவே வேண்டாம், செல்லின் சவ்வுக்குள்ளேயே கரைந்து மறுபக்கம் போய்விடும். ஃபென்டனில் என்ற வலிமருந்து அப்படித்தான் பெரும்பங்கு ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. தண்ணீரில் கரையும் பெரிய மூலக்கூறுகளுக்கு அந்த வழி கிடையாது. மூலக்கூறு எடை 1,000 டால்டனை (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) தாண்டினால் கடப்பது மளமளவென்று குறைகிறது. இன்சுலினின் எடை சுமார் 5,800. அடிக்கடி சிறுநீர் போகும் ஒருவகை நோய்க்குக் கொடுக்கும் டெஸ்மோபிரஸின் அதைவிடச் சின்னது. ஆனாலும் மூக்கில் அடித்ததில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் தொண்டைக்குள்.

ஆக, துணைப்பொருள் செய்ய வேண்டியது மூன்றில் ஒன்று. மருந்தைக் கரைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது ஓடும் சளியில் கொஞ்ச நேரம் ஒட்டி நிற்க வைக்க வேண்டும், அல்லது பாயின் இடுக்கைச் சற்று நெகிழ்த்த வேண்டும். மூன்றையும் சேர்த்துச் செய்கிறவையும் உண்டு.

முதல் வேலை கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கடையில் நான் அதிகமாகப் பதில் சொல்வது அதைப் பற்றித்தான். போன மழைக்காலத்தில் ஒரு தங்கச்சி வந்தார். நாலு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வருகிறது, மிடாசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையில் பாதி காலியான புட்டி.

"அண்ணாச்சி, ஆறு தடவ அடிக்கச் சொல்லிருக்காவ. அடிக்க அடிக்க மூக்குல இருந்து வழியுது. உள்ள போன மாதிரியே இல்ல."

"ஒரே மூக்குலயா அடிச்சிய?"

"ஆமா. புள்ள வெட்டிவெட்டி இழுக்கு. எனக்கு என்ன தெரியும்?"

அவர் மேல் குறையே கிடையாது. கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் கிடைக்கும் ஸ்பிரேயில் ஒரு அமுக்குக்கு 0.5 மில்லிகிராம் மருந்து, 0.1 மில்லி திரவத்தில். பிள்ளையின் எடை 15 கிலோ. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் மருத்துவர் எழுதியிருந்தார். மொத்தம் 3 மில்லிகிராம், அதாவது ஆறு அமுக்கு, 0.6 மில்லி. ஒரு நாசித் துவாரம் ஒரு தடவைக்குத் தாங்குவதோ 0.1 மில்லி, நெருக்கினால் இன்னும் கொஞ்சம். பெரியவர்களுக்கே அவ்வளவுதான். ஆறையும் ஒரே மூக்கில் அடித்தால் பாதிக்கு மேல் வெளியே வழியும், இல்லையென்றால் தொண்டைக்குப் போகும்.

மருந்தை ஏன் இன்னும் கெட்டியாகக் கரைக்கவில்லை என்று கேட்கலாம். மிடாசோலம் ஒரு விசித்திரமான மூலக்கூறு. பிஎச் 4-க்குக் கீழே, நல்ல புளிப்பில், அதன் வளையம் ஒன்று திறந்துகொண்டு தண்ணீரில் கரையும். உடம்பின் பிஎச்சுக்கு வந்ததும் வளையம் மூடிக்கொண்டு கொழுப்பில் கரையும் வடிவத்துக்கு மாறிவிடும். சவ்வைக் கடப்பதற்கு அந்த இரண்டாவது வடிவம் அருமையானது. ஆனால் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் வைக்க வேண்டுமென்றால் புளிப்பு வேண்டும். புளிப்பு மூக்கில் பட்டால் எரியும். வலிப்புக்காக அடிக்கும்போது பிள்ளைக்கு அது தெரியாது. ஆனால் ஸ்கேன் எடுக்கும் முன்னால் தூங்க வைக்க இதே மருந்தை ஆஸ்பத்திரியில் மூக்கில் அடிக்கும்போது பிள்ளைகள் வீறிட்டு அழுவதற்குக் காரணம் அந்தப் புளிப்புதான்.

2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிடாசோலம் ஸ்பிரேயில் தண்ணீரை ரொம்பவும் குறைத்துவிட்டு எத்தனால், புரொப்பிலீன் கிளைக்கால், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றில் மருந்தைக் கரைத்தார்கள். விளைவு, 0.1 மில்லிக்குள் 5 மில்லிகிராம். நம் பிள்ளையின் புட்டியில் அதே 0.1 மில்லியில் அரை மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம். மருந்து ஒன்றேதான், கரைப்பான் மட்டும் மாறியது. இங்கேயும் ஒரு அமுக்குக்கு 1.25 மில்லிகிராம் தரும் ஸ்பிரே வந்திருக்கிறது. அமுக்கின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைகிறது. ஒன்றுக்குப் பழகிய கையால் இன்னொன்றை அடித்துவிடக் கூடாது என்பதால் வாங்கும்போதெல்லாம் ஒரு அமுக்குக்கு எவ்வளவு என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இடுக்கை நெகிழ்த்தும் வேலைக்கு வருவோம். இதன் கதை இன்சுலினோடு பின்னியது. இன்சுலின் நோயாளிகளுக்குக் கிடைத்த 1922-லேயே அதை மூக்கு வழியாகக் கொடுக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள். தினமும் ஊசி குத்திக்கொள்வதை யார்தான் விரும்புவார்கள்? சும்மா அடித்தால் போகாது என்று தெரிந்தது. 1980-களில் பித்த உப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நம் குடலில் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கும் அதே பித்த உப்பு. சோப்பு மாதிரி வேலை செய்யும். செல்லின் சவ்விலிருந்து கொழுப்பைக் கொஞ்சம் பிடுங்கி வழி உண்டாக்கும். இன்சுலின் உள்ளே போனது, சர்க்கரையும் இறங்கியது. ஆனால் மூக்கு எரிந்தது. எப்போதாவது ஒருநாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருஷக்கணக்கில், சோப்பை மூக்கில் விட்டுக்கொள்ள முடியுமா? அந்த வழி அதோடு நின்றது.

1994-ல் இரண்டு இடங்களில் இரண்டு வழி திறந்தது. அமெரிக்காவின் அலபாமாவில் சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட பொருள்களை இன்சுலினோடு கலந்து எலிகளின் மூக்கில் சொட்டுவிட்டுப் பார்த்து எழுதினார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் லிஸ்பெத் இல்லும் குழுவினர் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை எலியிலும் செம்மறியாட்டிலும் சோதித்து எழுதினார்கள். இரண்டையும் படிக்கும்போது எனக்கு நம் ஊர்தான் கண்ணில் வந்தது. முதலாவதன் வால் தென்னந்தோப்பைச் சேர்ந்தது, இரண்டாவது கடற்கரையைச் சேர்ந்தது.

முதலாவதன் பெயர் டோடெசில் மால்ட்டோசைடு. மால்ட்டோஸ் என்ற சர்க்கரையோடு பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள ஒரு வால். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதிலும் பன்னிரண்டு கார்பன்தான். வாலுக்கு வேண்டிய டோடெசில் ஆல்கஹாலைத் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ தொழிற்சாலைகளில் எடுக்கிறார்கள். நம் உடம்பு இதைச் சர்க்கரையாகவும் கொழுப்பு அமிலமாகவும் பிரித்துக்கொள்ளும். இது செல்களின் தையலைச் சற்று நேரம் தளர்த்துகிறது, செல் சவ்வையும் கொஞ்சம் இளக்குகிறது. பித்த உப்பு போல முரட்டுத்தனம் கிடையாது. கால் சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே வேலை நடக்கிறது.

எவ்வளவு வேலை? ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் ஸ்பிரே 1997-ல் அமெரிக்காவில் வந்தது. 20 மில்லிகிராம் அடிக்க வேண்டும். தோலடி ஊசியோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்ந்தது சுமார் 17 சதவீதம். மீதி தொண்டையில் இறங்கிக் கசக்கும். 2019 ஜனவரியில் வந்த புது ஸ்பிரேயில் இந்தச் சர்க்கரைத் தலைப் பொருளைச் சேர்த்து, மருந்தை 10 மில்லிகிராமாகப் பாதியாக்கினார்கள். அது 4 மில்லிகிராம் தோலடி ஊசி தரும் ரத்த அளவை எட்டியது. 2020 ஜனவரியில் அனுமதி பெற்ற, வலிப்புக்கான டயசிபம் ஸ்பிரேயில் இதோடு வைட்டமின் ஈ-யையும் பென்சைல் ஆல்கஹாலையும் கரைப்பானாக வைத்தார்கள். நரம்பில் நேராக ஏற்றுவதோடு ஒப்பிட்டு 97 சதவீதம் ரத்தத்தில் சேர்ந்தது. இந்த எண்ணை முதலில் படித்தபோது நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

2024 ஆகஸ்டில் அட்ரினலின் ஸ்பிரேக்கு அங்கே அனுமதி கிடைத்தது. தேனீ கொட்டியோ ஏதாவது சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமலோ மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து போகிறவர்களுக்குத் தொடையில் போடும் ஊசியின் மாற்று. அட்ரினலின் மூக்கில் ஏறாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அது பட்ட இடத்து ரத்தக் குழாயைச் சுருக்கும். தான் போக வேண்டிய வாசலைத் தானே சாத்திவிடும். அதையும் மீறி உள்ளே அனுப்பியது இதே டோடெசில் மால்ட்டோசைடுதான். ஆனாலும் 0.3 மில்லிகிராம் ஊசிக்கு ஈடாக மூக்கில் 2 மில்லிகிராம் வைக்க வேண்டியிருக்கிறது. மூக்கு எவ்வளவு கெட்டிக்காரக் காவல் என்பதற்கு அதுவே சாட்சி.

சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கான குளூக்ககான் 2019 ஜூலையில் மூக்கில் ஊதும் தூளாக வந்தது. பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற, ஏழு குளுக்கோஸ் வளையமாகக் கோத்த வாளி போன்ற பொருளும், டோடெசில் பாஸ்போகோலின் என்ற கொழுப்பும் துணை. மயங்கியவர் மூச்சை உள்ளிழுக்கவே தேவையில்லை, மூக்கில் தூள் பட்டாலே போதும். தூளாக இருப்பதற்கு ஒரு லாபம், சளியோடு அவ்வளவு சீக்கிரம் ஓடிவிடாது. தாத்தாவின் பொடிக்கும் இந்த லாபம் இருந்தது.

கைட்டோசான் கதை வேறு மாதிரி. தூத்துக்குடிப் பக்கம் இறால் பதப்படுத்தும் இடங்களுக்குப் போனால் தலையும் ஓடும் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கும். அந்த ஓட்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புச் சத்து கரைந்து போகும். காரத்தில் போட்டால் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். அதைக் கெட்டியான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். லேசான அமிலத்தில் கரையும், கரைந்ததும் நேர் மின்னூட்டம் ஏறும். மூக்குச் சளியில் உள்ள சயாலிக் அமிலம் எதிர் மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆக, கைட்டோசான் கலந்த மருந்து சளி ஓட்டத்தில் அடித்துப் போகாமல் கொஞ்ச நேரம் ஒட்டி நிற்கிறது. நிற்கும்போதே செல்களுக்கு நடுவிலுள்ள தையலையும் தளர்த்துகிறது. கழுவிப் போனதும் தையல் மறுபடி இறுகுகிறது. இறால் ஓட்டைக் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் அனுப்புகிறோம். அதில் ஒரு பங்கையாவது மருந்துத் தரத்துக்குச் சுத்தம் பண்ணும் வேலை நம் கடற்கரையிலேயே பெரிதாக நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒட்டி நிற்க வைக்க வேறு வழிகளும் உண்டு. கொய்யாவையும் எலுமிச்சையையும் ஜெல்லியாக்கும் பெக்டின், மூக்கு ஈரத்திலுள்ள கால்சியம் பட்டதும் கூழாக இறுகும். புற்றுநோய் வலிக்கான ஃபென்டனில் ஸ்பிரே ஒன்றில் அது இருக்கிறது. அங்கே அதன் வேலை தலைகீழ். தானாகவே வேகமாக ஏறும் ஃபென்டனிலைச் சற்று நிதானப்படுத்தி ஏற்றுவது.

இனி, கவலையான பக்கம். மூக்கின் காவலைத் தளர்த்தும் எந்தப் பொருளைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, அது போன பிறகு மூக்கு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதுதான். தையல் பிரிந்திருக்கும் நேரத்தில் மருந்து மட்டும்தான் உள்ளே போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நுண்மயிர்கள் நின்றுவிட்டால் சளி தேங்கும், கிருமி தங்கும். மூக்கின் கூரையில் வாசனை நரம்பு நேராகத் திறந்து கிடக்கிறது. அமெரிக்காவில் சளிக்கென்று கடைகளில் விற்ற, துத்தநாக உப்பு கலந்த மூக்கு ஜெல்லால் வாசனை அறியும் சக்தி போய்விட்டதாக நூற்றுக்கு மேற்பட்ட புகார்கள் வந்து, 2009-ல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசே எச்சரித்தது. மல்லிகையும் சாம்பார்ப் பொடியும் மணக்காமல் போவது சின்ன இழப்பா?

இன்னொரு கவலை, அளவு ஆளுக்கு ஆள் மாறுவது. நூற்றில் மூன்று பங்கு மட்டும் உள்ளே போகும் மருந்தில், ஒருவருக்கு அது ஒன்றாகவும் இன்னொருவருக்கு ஆறாகவும் ஆனால் மருந்தின் அளவு ஆறு மடங்கு மாறிவிடுகிறது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கு டெஸ்மோபிரஸின் மூக்கு ஸ்பிரே கொடுப்பதை 2007 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தச் சொன்னது. ரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறைந்து வலிப்பு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அதனால்தான் ரத்தத்தில் சேரும் பங்கைக் கூட்டும் துணைப்பொருளை நான் வெறும் சிக்கன விஷயமாகப் பார்ப்பதில்லை. பெரும்பங்கு உள்ளே போகிற மருந்தில் ஏற்ற இறக்கம் குறைகிறது, அளவை நம்பலாம்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஊசிக்கான ஆம்பூலை உடைத்து மூக்கில் ஊற்றினால் ஸ்பிரேயின் பலன் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு கம்பெனி ஸ்பிரே இல்லையென்று அதே மருந்தின் இன்னொரு கம்பெனி ஸ்பிரேயைக் கொடுப்பதும் மாத்திரையை மாற்றிக் கொடுப்பது மாதிரி இல்லை. மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே போகும் அளவு வேறாக இருக்கலாம். மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை வருஷக்கணக்காக வாங்குகிறவர்களும் என் கடைக்கு வருகிறார்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் மருந்து இறங்கியதும் குழாய் முன்னைவிட வீங்கும், மறுபடி சொட்டு தேடும். மூக்குச் சவ்வு அப்படி வீங்கிக் கிடக்கும்போது வேறு எந்த ஸ்பிரேயும் சொன்னபடி வேலை செய்யாது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியைச் சொல்லாமல் இந்த ஊரில் மூக்கு மருந்து பற்றிப் பேச முடியாது. 1964 முதல் இருக்கிறது. சித்தத்தின் முப்பத்திரண்டு வெளிமருந்துகளில் ஒன்று நசியம். மூக்கில் இலைச்சாறு அல்லது தைலம் விடுவது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் செய்துகொள்ளச் சொல்கிறது மரபு. நசியம் விடும்போது மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள். மூக்குச் சொட்டு மருந்துக்காக இன்றைய காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சொல்லும் நிலைகளில் ஒன்றும் இதுதான், கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தலை தொங்க மல்லாக்கப் படுப்பது. நின்றுகொண்டு விட்டால் சொட்டு மூக்கின் அடித்தரையோரமாக வழிந்து தொண்டைக்குப் போய்விடும். தலை தாழ்ந்தால் மேல் மடிப்பு வரைக்கும் எட்டும். தைலம் தண்ணீரைவிட மெதுவாகத்தான் நகரும். இந்த அறிவையும் கரைப்பான் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நசியத் தைலங்களில் எது எவ்வளவு நேரம் மூக்கில் தங்குகிறது, நுண்மயிர்களை என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்க நம் ஊரைவிடத் தகுதியான இடம் எது?

அந்தத் தங்கச்சிக்கு அன்றைக்குக் கடையிலேயே காலிப் புட்டியில் தண்ணீர் விட்டுக் காட்டினேன். புதுப் புட்டி என்றால் முதலில் காற்றில் இரண்டு மூன்று அமுக்கு அமுக்கி, பனி மாதிரி சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது வரும்வரை குழாயில் இருப்பது காற்று. பிள்ளையை ஒருக்களித்துப் போட்டு, மூக்கில் சளி இருந்தால் துடைத்துவிட்டு, வலது மூக்கில் ஒன்று, இடது மூக்கில் ஒன்று, மறுபடி வலது. குழாயின் நுனி மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். மடிப்புகளும் ரத்தக் குழாய்களும் அந்தப் பக்கம்தான். அடித்து 5 நிமிஷத்துக்குள் இழுப்பு நிற்கவில்லையென்றால் 108-க்குக் கூப்பிட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

"மாத்தி மாத்தி அடிக்கணும்னு அன்னைக்கே யாராவது சொல்லிருந்தா, பாதி மருந்து சட்டையில போயிருக்காதே, அண்ணாச்சி" என்றார். மேசையில் இருந்த ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, பெட்டி மூடியின் மேல் பெரிய எழுத்தில் "வலது 3, இடது 3, மாத்தி மாத்தி" என்று எழுதினார். அதற்குக் கீழே காலாவதி தேதியையும் எழுதிக்கொண்டு, பெட்டியைப் பிள்ளையின் பால்வாடிப் பைக்குள் வைத்தார்.